ஹட்டன் ஞாயிறு கப்பல் வகுப்பு: நாலு மாதம் இருந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

பாரம் ஏற்றினால் கப்பல் எவ்வளவு இறங்கும், எப்படிச் சாயும் என்ற கணக்குகளைப் படிப்பிக்கும் இந்த வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தது என் தம்பி. நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். உயர்தரம் முடித்ததிலிருந்து கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகப் போக வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் கடலைப் பார்த்ததே பாடசாலைச் சுற்றுலாவில் காலிமுகத்திடலுக்குப் போனபோதுதான், அதனால் யாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியாது. முதல் ஞாயிறு துணைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அப்புறம் நாலு மாதமும் ஒரு கிழமை விடாமல் போனேன். பெற்றோர் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடியவில்லை, அதனால் நல்லதையும் குறையையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

இடம் ஹட்டன் நகரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. ஞாயிறு காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை. நடத்துகிறவர் சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், நோர்வூட் பக்கம் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். சரக்கு ஏற்றுவது, பாலஸ்ட் தண்ணீர் (கப்பலைத் தாழ்த்திச் சமப்படுத்தத் தொட்டிகளில் நிரப்புவது) எடுப்பது, கப்பல் சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பது எல்லாம் கப்பலில் சீஃப் ஆபீசரின் பொறுப்பு. ஆகவே அவர் படிப்பிப்பது பல வருடம் தன் கையால் செய்த வேலையை. அது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

தம்பி இதற்கு முன் கொழும்பில் ஒரு இடத்தில் ஆறு கிழமை படித்தான். பெயர் வேண்டாம். அங்கே சூத்திரங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அவனும் செய்தான், ஒன்றுவிடாமல் ஒப்புவிப்பான். ஹட்டனில் முதல் நாள் சேர் கேட்டது ஒரே கேள்வி: "கப்பலின் பின்பக்கத் தொட்டியில் தண்ணி நிரப்பினால் முன்பக்கம் இறங்குமா, ஏறுமா?" தம்பி முழித்தான். உண்மையில் எனக்கும் பதில் தெரியவில்லை. ஏறும் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் பாரம் கூடினால் முழுக் கப்பலும் இறங்கத்தானே வேண்டும் என்று குழம்பிவிட்டேன். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவர் எடுத்துக்கொண்ட மூன்று ஞாயிறுகளுக்காகவே இந்த வகுப்பைச் சிபாரிசு செய்வேன்.

அறையின் நடுவில் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நெடுக்காக அறுத்துச் செய்த தொட்டி இருக்கிறது. அதில் மிதப்பது 60 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள ஒரு தகரப் பெட்டி. உள்ளே கல் போட்டு மொத்த எடையை 6 கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கிறார், பெட்டி சரியாக 5 சென்ரிமீற்றர் அமிழ்ந்து நிற்கிறது. கப்பல்காரர்கள் டிராஃப்ட் என்பது இதைத்தான், அடித்தட்டிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரம். பிறகு 1.2 கிலோ சரளைக்கல் கட்டிய ஒரு பையைக் காட்டி, இதை நடுவில் வைத்தால் தண்ணீர் எங்கே வரும், வைக்கும் முன்பே சிவப்பு டேப் ஒட்டுங்கள் என்றார். பிள்ளைகள் கண்மதிப்பில் ஆளுக்கொரு இடத்தில் ஒட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் கணக்குப் போட்டாள்: பெட்டி ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் 60 தடவை 20, அதாவது 1200 கன சென்ரிமீற்றர் தண்ணீரை விலக்கும், அதன் எடை 1.2 கிலோ, எனவே ஒரு சென்ரிமீற்றர். பையை வைத்தபோது தண்ணீர் அவள் ஒட்டிய டேப்பின் விளிம்பில் வந்து நின்றது. ஆக்கிமிடிசின் தத்துவத்தை நான் எட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன், தண்ணீர் வந்து அந்தக் கோட்டைத் தொடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கப்பலுக்கும் இதே கணக்குத்தான். ஒரு சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தொன் வேண்டும் என்பதை டி.பி.சி என்கிறார்கள். 40 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், பெட்டி வடிவத்தில் ஒரு பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) என்றால் நீர்மட்டப் பரப்பு 400 சதுர மீற்றர். ஒரு சென்ரிமீற்றருக்கு 4 கன மீற்றர் தண்ணீர் விலகும், கடல்நீரின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.025 தொன், ஆகவே டி.பி.சி 4.1 தொன். ஏற்றும் பாரத்தை டி.பி.சியால் வகுத்தால் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கும் என்பது வந்துவிடும். 82 தொன் ஏற்றினால் 20 சென்ரிமீற்றர்.

இங்கே தம்பி வாங்கிய குட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலஸ்ட் கணக்கில் எல்லாரும் விழுகிற குழி இது. பார்ஜின் தொட்டியில் 40 கன மீற்றர் கடல்நீர் நிரப்பினால் எவ்வளவு இறங்கும் என்று கேட்டார். தம்பி 40ஐ 4.1ஆல் வகுத்து 9.76 என்றான்.

"தம்பி, நாவலப்பிட்டியில் ஆத்துத் தண்ணி அள்ளி ஊத்தினால் 40 தொன். நீ நிரப்பினது கடல் தண்ணி. அதன் எடை எவ்வளவு?"

"41 தொன் சேர். கால் சென்ரிமீற்றர் வித்தியாசம்தானே?"

"பெரிய கப்பலில் பாலஸ்ட் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் இருக்கும். அங்கே இந்தப் பிழை 250 தொன். டிராஃப்டைப் பார்த்துத்தான் சரக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள், அந்த 250 தொன் சரக்குக்கு யார் பதில் சொல்வது?"

அதோடு நிறுத்தாமல் டிராஃப்ட் சர்வே பற்றியும் சொன்னார். நிலக்கரி, கோதுமை போன்றவற்றைக் கொட்டி ஏற்றும் கப்பல்களில் மூட்டை எண்ண முடியாது. ஏற்றும் முன்னும் பின்னும் டிராஃப்டை வாசித்து, பாலஸ்ட், எரிபொருள், நன்னீர் எல்லாம் கழித்து வருவதுதான் சரக்கின் எடை. முன், பின், நடு என்று வாசித்து, முன்னையும் பின்னையும் கூட்டி, நடுவை ஆறு மடங்காகச் சேர்த்து எட்டால் வகுக்கிறார்கள். முன் 5.80, பின் 6.20, நடு 6.04 என்றால் 6.03 மீற்றர். கப்பலின் நடுப்பகுதி பாரத்தில் கொஞ்சம் தொய்யும் அல்லது மேலே வளையும், அதற்காகத்தான் நடுவுக்கு அத்தனை மதிப்பு. கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால் எங்கள் அம்மாமாருக்கு எப்படி வயிறு எரியும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

சரி, அந்த முதல் நாள் கேள்விக்கு வருகிறேன். தகரப் பெட்டியின் நடுவில் வைத்த 1.2 கிலோ பையை சேர் மெதுவாக 10 சென்ரிமீற்றர் பின்னால் நகர்த்தினார். பின்பக்கம் 6இலிருந்து ஏறக்குறைய 7க்கு இறங்கியது, முன்பக்கம் 5க்கு ஏறியது. அந்த 5 என்பது பையை வைப்பதற்கு முன்பிருந்த அதே அளவு! பாரம் கூடியும் முன்பக்கத்துக்கு ஒன்றுமே ஆகாத மாதிரி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளியதும் முன்பக்கம் வெறும் பெட்டியாக இருந்ததைவிடவும் மேலே எழும்பிவிட்டது. அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன், "சேர், கொழுந்து லொறியில் சாக்கு முழுக்கப் பின்னால அடுக்கினா ஸ்டியரிங் லேசாகிடும், அப்பா சொல்வாரு" என்றான். அதேதான் என்று சேர் பலகையில் லொறி வரைந்தார்.

இதை இரண்டு படியாகப் பிரித்துப் போடச் சொல்கிறார். முதலில் பாரத்தை மிதப்பு மையத்தில், அதாவது கப்பல் எந்தப் புள்ளியைச் சுற்றி முன்னும் பின்னும் சாய்கிறதோ அங்கே வைத்ததாக நினைத்து, நேராக எவ்வளவு இறங்கும் என்று பார்ப்பது. அடுத்து அந்தப் பாரத்தை அதன் உண்மையான இடத்துக்கு நகர்த்தி எவ்வளவு சாயும் என்று பார்ப்பது. முன் டிராஃப்டுக்கும் பின் டிராஃப்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிரிம். அது ஒரு சென்ரிமீற்றர் மாற எத்தனை தொன் மீற்றர் திருப்பம் (பாரத்தைத் தூரத்தால் பெருக்கியது) வேண்டும் என்பது இன்னொரு எண், எம்.சி.டி.சி.

அதே பார்ஜ் கடலில் 2 மீற்றர் டிராஃப்டில் நேராக மிதக்கிறது, எடை 820 தொன். நடுவிலிருந்து 10 மீற்றர் பின்னால் உள்ள தொட்டியில் அந்த 41 தொன் தண்ணீரை நிரப்புகிறோம். நேராக இறங்குவது 10 சென்ரிமீற்றர். திருப்பம் 41 தடவை 10, அதாவது 410 தொன் மீற்றர். பெட்டி வடிவத்துக்கு எம்.சி.டி.சியைக் கையாலேயே போடலாம்: நீளத்தின் வர்க்கத்தை டிராஃப்டின் 12 மடங்கால் வகுத்தால் 66.7 மீற்றர், அதை 820ஆல் பெருக்கி 40இன் 100 மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய 13.7. எனவே டிரிம் 30 சென்ரிமீற்றர் மாறும், பெட்டிக்கு மிதப்பு மையம் நட்டநடுவில் இருப்பதால் பாதி முன்னுக்கு, பாதி பின்னுக்கு. பின் டிராஃப்ட் 2 மீற்றரோடு 10ம் 15ம் கூடி 2.25. முன் டிராஃப்ட் 10 கூடி 15 குறைந்து 1.95. முன்பக்கம் 5 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது, 41 தொன் பாரம் கூடிய பிறகும்! விடை வந்ததும் தம்பி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

நான் எழுந்து ஒன்று கேட்டேன்: அந்த 66.7ஐக் கணக்கிடும்போது பெட்டியின் புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டீர்களே? சேர் சந்தோஷப்பட்டார். "டீச்சர் சரியாப் பிடிச்சிட்டாங்க" என்று சொல்லி, 66 மீற்றருக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு மீற்றர் வித்தியாசம் வரும், கிட்டத்தட்டக் கணக்குக்கு அது தாங்கும், ஆனால் பக்கவாட்டுச் சாய்வில் அதே விடுபாடு கப்பலைக் கவிழ்த்துவிடும் என்று விளக்கினார். கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத வாத்தியார் கிடைப்பது பெரிய விஷயம், நானும் ஒரு வாத்தியார் என்பதால் சொல்கிறேன்.

கப்பல் எதற்குத் தண்ணீரை அள்ளிச் சுமக்க வேண்டும் என்று வீட்டில் அம்மா கேட்டார். சரக்கை இறக்கிவிட்ட கப்பல் மேலே எழும்பி மிதக்கும், கப்பலைத் தள்ளும் காற்றாடி (புரொப்பெலர்) பாதி வெளியே தெரியும், அலையில் முன்பக்கம் அடிவாங்கும், சுக்கானும் சரியாகக் கேட்காது. அதைத் தாழ்த்தத்தான் பாலஸ்ட். ஒரு துறைமுகத்துத் தண்ணீரை இன்னொரு துறைமுகத்தில் கொட்டினால் அங்கில்லாத உயிரினங்களும் போய்ச் சேரும் என்பதால் 2004இல் இதற்கென்றே ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்தார்கள், அது 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பகுதியை சேர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார், எனக்கும் அது போதுமாக இருந்தது.

உப்பு நீர், நல்ல நீர் பாடம் நன்றாக இருந்தது. தொட்டியில் லீற்றருக்கு 35 கிராம் கணக்கில் உப்பைக் கரைத்து அதே பெட்டியை மிதக்கவிட்டார். 6 சென்ரிமீற்றர் டிராஃப்டில் ஒன்றரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம், கண்ணுக்குப் பிடிபடவில்லை, பிள்ளைகளுக்கு ஏமாற்றம். ஆனால் பார்ஜுக்கு அது 5 சென்ரிமீற்றர், பெட்டி வடிவத்தில் 10 மீற்றர் டிராஃப்ட் உள்ள ஒன்றுக்கு 25 சென்ரிமீற்றர் என்று எழுதியதும் எல்லாரும் நிமிர்ந்தார்கள். கடலிலிருந்து ஆற்றுத் துறைமுகத்துக்குள் போகும் கப்பல் ஒரு கிலோ பாரம் ஏற்றாமலே இறங்கும். கப்பலின் பக்கத்தில் வரையும் பிளிம்சோல் கோட்டில் நன்னீருக்கு, வெப்பவலயத்துக்கு, கோடைக்கு, குளிர்காலத்துக்கு என்று தனித்தனிக் கோடுகள் இருப்பது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி மாலுமிகளைச் சாகவிட்டதை எதிர்த்து சாமுவேல் பிளிம்சோல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் போராடி, 1876இல் சட்டமாக வந்த கோடு அது.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப் போனார். உயிர்காப்பு அங்கியோடு ஆறு பேர் ஒரு சிறு படகில் ஏறினோம், நிறுத்துப் பார்த்த மொத்த எடை 330 கிலோ. படகின் நீர்மட்டப் பரப்பை நாடாவால் அளந்து ஏறக்குறைய 3.8 சதுர மீற்றர் என்று எடுத்துக்கொண்டோம், அப்படியானால் ஒரு சென்ரிமீற்றருக்கு 38 கிலோ, இறங்க வேண்டியது எட்டே முக்கால் அளவில். அளந்தால் எட்டுத்தான். யார் பிழை விட்டது என்று பிள்ளைகள் சண்டை. யாருமில்லை. படகின் பக்கங்கள் வெளிப்புறம் சாய்ந்திருப்பதால் இறங்க இறங்க நீர்மட்டப் பரப்பு விரிகிறது, ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் முந்தியதைவிடக் கூடுதல் கிலோ வேண்டும். கப்பலுக்கும் அப்படித்தான். டி.பி.சி டிராஃப்டோடு மாறும், சிறு பாரத்துக்கு வகுத்துப் போடலாம், பெரிய பாரத்துக்கு அந்தக் கப்பலின் ஹைட்ரோஸ்டேட்டிக் அட்டவணையில் புதிய மொத்த எடைக்கு என்ன டிராஃப்ட் என்றுதான் பார்க்க வேண்டும். இந்த ஒரு வசனத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம், அவர் தண்ணீரில் இறக்கிக் காட்டினார்.

பாதி நிறைந்த தொட்டியின் ஆபத்தையும் அதே தகரப் பெட்டியில் காட்டினார். மேலே ஒரு தட்டில் பாதி தண்ணீர் வைத்துப் பெட்டியை லேசாக அசைத்ததும் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப் பெட்டி கவிழ்ந்தது. தட்டின் நடுவில் நெடுக ஒரு பலகைச் சட்டத்தை வைத்து மறுபடி அசைத்தபோது நின்றது. அகலம் பாதியானால் அந்தத் தொல்லை கால்வாசியாகக் குறையும் என்பதைப் பிள்ளைகளையே போட வைத்தார்.

குறைகளையும் எழுதத்தான் வேண்டும். தகரக் கூரை. மழை பிடித்தால் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் கேட்காது, ஹட்டனில் மழை எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். அட்டவணைகளின் போட்டோகொப்பி மங்கல், 3ஆ 8ஆ என்று தெரியாமல் ஒரு முழுக் கணக்கையும் தம்பி பிழையாகச் செய்தான், இதைத் திருத்த நூறு ரூபா செலவு, சொல்லியும் இன்னும் செய்யவில்லை. இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு முன்னறிவிப்பு இல்லாமல் பூட்டியிருந்தது. பொகவந்தலாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பிள்ளைகள் படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. காய்ச்சல் என்று பிறகு சொன்னார், ஒரு குறுந்தகவல் போட்டிருக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்த கப்பல் எவ்வளவு பலமாகத் திரும்ப நிமிரும் என்று காட்டும் நிலைப்பு வளைகோடுகளை ஓட்டமாக முடித்துவிட்டார், டிரிமுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியாவது அதற்கும் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம், இன்றைக்குக் கப்பல்களில் இந்தக் கணக்கெல்லாம் கணினி மென்பொருள்தான் போடுகிறது. கையால் போடத் தெரிந்தவனுக்குத்தான் கணினி பிழை சொன்னால் விளங்கும் என்கிறார் சேர், அதை முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் ஒரு தடவையாவது அந்தத் திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கலாம்.

இன்னொன்றைப் பெற்றோர் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். இங்கே சான்றிதழ் எதுவும் கிடையாது. கப்பலில் ஏற வேண்டிய பயிற்சிகளை வணிகக் கப்பல் செயலகம் அங்கீகரித்த நிலையங்களில்தான் செய்ய வேண்டும், அதற்குச் செலவு தனி. சேர் இதை முதல் நாளே சொல்கிறார், வேலை எடுத்துத் தருவேன் என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது அங்கே போவதற்கு முன் அத்திவாரம் போடும் இடம். விளக்கம் தமிழில், கலைச்சொற்கள் முழுக்க ஆங்கிலத்தில். முதலில் பிள்ளைகள் தடுமாறினார்கள், மூன்றாம் கிழமைக்குப் பிறகு பழகிவிட்டது. கப்பலிலும் வாய்மொழிப் பரீட்சையிலும் ஆங்கிலம்தான் என்பதால் அதைக் குறையாக எழுத மாட்டேன்.

மாதம் 3000 ரூபா. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைகளிடம் பாதிதான் வாங்குகிறார், அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்கிறார். எங்கள் வகுப்பில் இருபத்தொரு பேர், அதில் மூன்று பெண்பிள்ளைகள். சாதாரண தரக் கணிதத்தில் நல்ல பிடி இருந்தால் தாராளமாகச் சேரலாம். உயர்தர பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்குக் கப்பலில் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும் முதல் இரண்டு மாதத்துக்கு அனுப்பலாம், மிதத்தலும் திருப்பமும் மறக்காது. நானே அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்து என் வகுப்புக்கு ஒன்று அடித்துவிட்டேன், பாடசாலைக்குப் பக்கத்துப் பட்டறையில் தகரமும் கூலியும் சேர்த்து 1800 ரூபா ஆனது.

அடுத்த வகுப்பு தைப்பொங்கல் கழிந்து தொடங்குகிறதாம். விஞ்ஞானக் கணிப்பான், வரைபுத்தாள், ஒரு அடிமட்டம் கொண்டுபோகச் சொல்லுங்கள். கீழே பேக்கரியில் கேட்டால் படியைக் காட்டுவார்கள். எட்டு மணிக்கே போனால் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும்.